ரயில் இல்லாத ஊரிலிருந்து ஓடிப்போன கதை

போன ஞாயிற்றுக்கிழமை மகளோடு உட்கார்ந்து அவள் கைப்பேசியில் ஒரு படம் பார்த்தேன். கடைசிக் காட்சியில் காதலர்கள் ஓடுகிற ரயிலைத் துரத்திப் பிடித்து ஏறினார்கள். அவள் கூந்தல் பறந்தது, அவன் சிரித்தான், பாட்டோடு படம் முடிந்துவிட்டது. "அப்புறம்?" என்றேன். "அரே அம்மா, படம் கதம். அப்புறம் என்ன இருக்கு?" என்றாள். அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அவள் அப்பா மட்டும், "அந்தப் பொண்ணு வாந்தி எடுத்தாளான்னு கேளு" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார்.

நாங்களும் ஓடிப்போனவர்கள்தான். அந்தமானில் பிறந்து வளர்ந்த எனக்கு ரயில் என்பது சினிமாவில் மட்டுமே ஓடுகிற ஒன்று. போர்ட் பிளேர் ஹேடோவில் எங்கள் தெருமுனை வீடியோ கொட்டகையில் பார்த்த படங்களில் பாதி ரயிலில்தான் முடிந்தன. அப்பாக்கள் நடைமேடையில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள், ரயில் போய்விடும், சுபம். கப்பலும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிட்டேன். என் புத்தியை என்னவென்று சொல்ல!

கப்பல் அப்படியெல்லாம் விருட்டென்று கிளம்பிவிடாது. ஒருவரை வழியனுப்ப ஒன்பது பேர் துறைக்கு வருவார்கள். தன் தம்பியை அனுப்ப வந்த பக்கத்து வீட்டு வங்காளி அம்மா என்னை மேல்தளத்தில் பார்த்துவிட்டு, "அரே, கிதர் ஜாத்தா தும்?" என்று கீழிருந்து கத்தினார். எங்கே போகிறேன் என்று நானா சொல்ல முடியும்? கப்பல் துறையைத் தாண்டுவதற்குள் அப்பாவுக்குச் சேதி போயிருக்கும். அப்பா உடனே சென்னையில் இருக்கும் சித்தப்பாவுக்குப் போன் போடுவார். மூன்று நாள் கழித்து நாங்கள் இறங்க வேண்டிய ஏணியின் அடியில் சித்தப்பா நிற்பார். சினிமாவில் வில்லன்தான் துரத்திக்கொண்டு வருவான். நாங்களோ டிக்கெட் எடுத்து அவரிடமே போய்க்கொண்டிருந்தோம்.

இன்றைக்கும் எங்காவது டீசலும் பினாயிலும் சேர்ந்து வாசம் வந்தால் எனக்குக் குமட்டும். கப்பலின் அடித்தளத்தில் அடுக்குப் படுக்கை போட்ட பங்க் கிளாஸ் வாசனை அது. ஏறிய அன்று மாலையே வாந்தி தொடங்கிவிட்டது. கீழ்ப் படுக்கையில் இருந்த அக்கா கட்சால் தீவில் ரப்பர் தோட்டத்து வேலைக்காரர். எங்களை ஒரு பார்வை பார்த்தார். "ஓடி வந்தீங்களா? அதுஞ் சரிதான் புள்ள. இனி கப்பலுக்குள்ள எங்கிட்டு ஓடுவீங்க?" என்று எலுமிச்சம்பழத்தை நீட்டினார். மறுநாளே விஷயம் கூடம் முழுக்கப் பரவிவிட்டது. சீட்டு ஆடியவர்கள் எங்களுக்காக இரண்டு கட்சியாகப் பிரிந்து, சேர்த்து வைப்பதா வீட்டில் ஒப்படைப்பதா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குக் காதலும் வேண்டாம், கல்யாணமும் வேண்டாம், கால் வைக்கத் தரை கிடைத்தால் போதும் என்றாகிவிட்டது. "நான் இதே கப்பல்ல திரும்பிப் போறேன்" என்று அழுதேன். என்னோடு ஓடிவந்த இவரும் வாந்தி எடுத்து வெளிறிப்போய்த்தான் கிடந்தார். எழுந்து, நான் வாந்தியெடுத்து நாசமாக்கியிருந்த துப்பட்டாவை எடுத்துக்கொண்டு போய் அலசி வந்து படுக்கைக் கம்பியில் போட்டார். "போலாம். மொதல்ல இது காயட்டும்" என்றார். உப்புக்காற்றில் துணி எங்கே காய்கிறது? சென்னை வந்த பிறகும் அது பிசுபிசுவென்றுதான் இருந்தது. அதற்குள் எனக்கு மனசு மாறிவிட்டது.

சித்தப்பா ஏணியடியில்தான் நின்றார். இவரைக் கண்டதும் ஓங்கி ஓர் அறை விட்டார். மூன்று நாள் ஆட்டத்தில் இருந்தவருக்குத் தரை நிற்குமா? அப்படியே சுருண்டு விழுந்தார். ஒரே அறையில் ஆளைக் கொன்றுவிட்டோம் என்று சித்தப்பாவுக்கு வெலவெலத்துப் போய்விட்டது. அவரே தூக்கி உட்காரவைத்து, சோடா வாங்கிக் கொடுத்து, வீட்டுக்கும் அழைத்துப்போனார். அந்தப் பயம் தெளிவதற்குள் எங்கள் கல்யாணம் முடிந்துவிட்டது.

செய்கிற காரியத்துக்கு என்ன பலன் என்பதையும் படங்களில் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று தொலைக்காட்சியில் சண்டை போடுகிறார்கள். காட்டியிருந்தால் நான் ஓடாமல் இருந்திருப்பேனா? ஓடித்தான் இருப்பேன். ஆனாலும் காட்டியிருக்கலாம். இவருக்கு வேலை ஹேடோ துறையில் என்பதால் சில மாதத்தில் போர்ட் பிளேர் திரும்பிவிட்டோம். எதிர்ப்படாமல் வாழ அந்த ஊரில் இடம் ஏது? அபர்டீன் பஜாரில் அப்பா எதிரே வருவார். என்னைக் கண்டதும் மீன்காரியிடம் விலை விசாரிக்கத் திரும்பிக்கொள்வார். மீன் வாங்க மாட்டார். அம்மா வந்து போனாள், அவர் வரவில்லை. சாகும்வரை பேசவில்லை. ஒரு மனிதர் வருஷக்கணக்காகப் பேசாமல் இருப்பதை எந்தப் படத்தில்தான் எடுப்பார்கள்!

வீடியோ கொட்டகை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. மெயின்லேண்டுக்கு மகள் காலையில் பறந்தால் மதியச் சாப்பாட்டுக்குச் சென்னையில் இருக்கிறாள். ஓடிப்போன அன்று காலை, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த என்னிடம் அப்பா, "மழ வர்ற மாதிரி இருக்கு, கொடைய எடுத்துக்கம்மா" என்றார். நான் அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் தலையை ஆட்டிவிட்டு இறங்கினேன். அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. சொற்கள் ஒன்றுகூட மறக்கவில்லை. அவர் குரல்தான் நினைவிலிருந்து போய்விட்டது. இப்போதெல்லாம் எவ்வளவு நினைத்துப் பார்த்தாலும் அதை நானேதான் சொல்வதுபோல் கேட்கிறது.