பேனர் மறைத்த மாடி

ஃப்ளெக்ஸ் பேனரைக் கண்டாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. உத்திரமேரூர்ப் பக்கம் தீயணைப்பு வேலையில் இருக்கிறேன். நெருப்பு என்னை இப்படிக் குமட்ட வைத்ததில்லை.

ஒரு வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து. வீட்டுப் பெரியவர் மாடி முகப்பு முழுக்கச் சவுக்குக் கம்பு கட்டி, தன் கட்சித் தலைவர் கும்பிடுகிற படத்தை மாட்டியிருந்தார். மற்றவர்கள் ஜவுளி எடுக்கப் போன நேரம், படிக்கட்டின் கீழே சார்ஜில் கிடந்த பேட்டரி ஸ்கூட்டர் பற்றிக்கொண்டது. படி முழுக்கப் புகை. மாடியில் மருமகள் மட்டும். நாங்கள் போய் இறங்கியபோது பேனருக்குப் பின்னால் இருமல் கேட்டது, ஆள் தெரியவில்லை.

எங்களில் இரண்டு பேர் கீழே நெருப்போடு மல்லுக்கட்டினார்கள். எங்களிடம் கொக்கி ஏணியும் உண்டு, நீட்டு ஏணியும் உண்டு. கொக்கியை மாட்டக் கைப்பிடிச் சுவர் கண்ணில் பட வேண்டும். நீட்டு ஏணி சாயக் கெட்டியான சுவர் வேண்டும். ஃப்ளெக்ஸ் மேல் சாத்தினால் அது கிழிந்து, ஏறுகிறவன் மண்டை உடையும். பேனரை இழுத்துச் சரிக்கத் தொரட்டுக் கழியை எடுத்தேன். வாசலில் நின்ற பெரியவர் ஓடி வந்து கழியைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார் பண்றீங்க? தலைவர் படத்தக் கிழிப்பீங்களா? அந்தாண்ட சாத்துங்க!"

"அந்தாண்ட கரண்டு கம்பி கீது. இது அலுமினிய ஏணி."

"கொஞ்சம் இரு சார். கட்ட அவுக்க ஆளு வந்துகினு கீறான்."

அடச்சீ! வீடு எரியும்போது பீடிக்கு நெருப்பு கேட்ட கதை. சுற்றி நின்றவர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். இருமல் நின்றுபோயிற்று.

கழியைப் பிடித்த பெரியவரின் கையைத் தட்டிவிட்டேன். ஒரே இழுப்பு. பேனர் கம்போடு சரிந்தது. நீட்டு ஏணியின் அடியைச் சுவரிலிருந்து தள்ளி ஊன்றி, கயிறு இழுத்து மேல் பாதியை உயர்த்தி, அதன் பூட்டு விழுந்ததைப் பார்த்தேன். கூட்டாளி ஒருவர் கீழ்ப்படியை மிதித்துப் பிடித்துக்கொண்டார், ஏறினேன். அந்தப் பெண் சுவரடியில் சுருண்டு கிடந்தாள். தட்டியதும் கண் திறந்தாள். அவளை எனக்கும் ஏணிக்கும் நடுவில் நிறுத்தி, ஒவ்வொரு படியாக இறக்கினேன்.

தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். மாமனார் ஓடி வந்தார். தன்னைத் தூக்கத்தான் வருகிறார் என்று அவள் கையை நீட்டினாள். அவர் அவளைத் தாண்டிப் போய், பேனரைப் பிரித்து உதறிப் பார்த்தார்.

"நல்லவேள, மூஞ்சில கிழியல," என்றார்.

அவள் நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டாள்.