துடைக்காமல் விட்ட சந்தனம்

ஆறுமுகசாமிக்கு வாய்த்ததெல்லாம் துடைக்கிற வேலைதான். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த புதிதில் கிழக்கேகோட்டை ஓட்டல் ஒன்றில் மேசை துடைத்தான். பிறகு ஊருக்கு வெளியே உயரழுத்த மின்பெட்டி செய்யும் சிறிய கம்பெனியில் கான்ட்ராக்ட் கூலியாக நுழைந்து, ஒன்பது வருஷம் புஷ்ஷிங் துடைத்தான். மின்கம்பி இரும்புப்பெட்டியைத் தொட்டுவிடாமல் கம்பியைச் சுற்றி நிற்கும், எபாக்சி என்ற கெட்டிப் பிசினால் ஆன கூடுதான் புஷ்ஷிங். அதில் ஈரமோ அழுக்கோ இருந்தால், இடி விழும்போது கம்பியில் பாய்ந்து வரும் மின்சாரம் அந்த வழியே இரும்புக்குத் தாவிவிடும். அவன் துடைத்த புஷ்ஷிங் ஒன்றுகூட அதுவரை சோதனையில் தோற்றதில்லை.

1998இல் புது மாடல் பெட்டி ஒன்று சோதனைக்கு நின்றது. எழுபத்தைந்தாயிரம் வோல்ட்டைச் செயற்கை இடியாகப் பதினைந்து தடவை பாய்ச்சுவார்கள். காற்றில் இரண்டு தடவை பொறி தாவினால் மன்னிப்பு உண்டு. எபாக்சியில் ஒரு கரிக்கோடு விழுந்தாலும் பெட்டி தேறாது.

"இது பாஸாச்சுன்னா ஒன்னை பெர்மனன்ட் ஆக்கறேன், கேட்டியோ" என்றார் மேனேஜர் கல்யாணராமன். அன்று மாலைக்குள் ஆறுமுகசாமியின் மனைவி பூமாரி அதை லைன்வீடு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.

சோதனையன்று காலையில் மேனேஜர் சொன்னபடி ஆறுமுகசாமி பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, இலையில் சந்தனம் வாங்கி வந்தான். கல்யாணராமன் பெட்டியின் கதவில் ஒரு பொட்டு வைத்தார். அதோடு விட்டிருக்கலாம். பக்தி பொங்கி, பின்கதவைத் திறந்து புஷ்ஷிங்கிலும் நீளமாக இழுத்துவிட்டார்.

"சாமி, தொடச்சிரட்டுமா? ஈரமால்லா இருக்கு" என்று ஆறுமுகசாமி அவரிடம் கேட்டான்.

"பிள்ளையார் சந்தனத்தைத் தொடைக்கறதாடா? கதவைச் சாத்து."

துணியைக் கையில் வைத்துக்கொண்டே சாத்தினான். இந்த ஒரு தடவை மட்டும் பிள்ளையார் பார்த்துக்கொள்வார் என்று அவனும் நினைத்தான், பாவி.

நான்காவது இடியில் படீரென்று வெடித்தது. திறந்தால், சந்தனம் கருகி, கம்பியிலிருந்து இரும்புவரை கறுப்புக் கோடு. யார் இதைப் பூசியது என்று சோதிக்க வந்த அதிகாரி கேட்டார்.

"எங்க லேபர்தான் சார். பக்தி ஜாஸ்தி, சொன்னாக் கேக்கமாட்டான்" என்றார் கல்யாணராமன். அவருக்கு நாக்கு கூசவே இல்லை.

அதிகாரி சிரித்தார். ஆறுமுகசாமியும் தலையாட்டினான். பழியை ஏற்றுக்கொண்டால் பெர்மனன்ட் வந்துவிடும் என்று கணக்குப் போட்டான். அதற்கேற்ப கல்யாணராமனும் அவனைத் தனியே கூப்பிட்டார்.

"மனசுல வச்சுக்காதே. நாளைக்குப் புது புஷ்ஷிங் மாட்டி ரீடெஸ்ட். காலம்பற பழவங்காடி போயிட்டு வந்துடு."

மறுநாள் தன் பங்குக்கும் ஒன்று சேர்த்து இரண்டு தேங்காய் உடைத்து, இலையில் சந்தனத்தோடு வந்தான். கேட் பூட்டியிருந்தது. உள்ளே வாட்ச்மேன் பிச்சைக்கனி அவன் முகத்தைப் பார்க்காமல் நின்றான்.

"அண்ணாச்சி, ஒங்கள இனி உள்ள விடக்கூடாதாம். சந்தனத்த மட்டும் வாங்கி வைக்கச் சொன்னாரு மேனேஜரு."

கேட் கம்பிகளுக்கு இடையில் பிச்சைக்கனியின் கை நீண்டது. ஆறுமுகசாமி இலையோரம் வழிந்திருந்த ஈரத்தைத் தோள்துண்டால் துடைத்துவிட்டுக் கொடுத்தான்.