ஒரு கரண்டி தயிர்

எங்கள் பூடில் நாய்க்குட்டி பிறவியிலேயே இதயக் கோளாறோடு வந்தவள். பிறந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய ஒரு ரத்தக்குழாய் அவளுக்கு மூடவே இல்லை. நெஞ்சில் கை வைத்தால் உள்ளே கிர்ரென்று ஏதோ ஓடும். சோபாவில் ஏறினாலே மூச்சு வாங்கும். அந்தக் குழாயைக் கட்டிவிட்டால் நெடுநாள் இருப்பாள் என்றார் பிடோக்கில் இருக்கும் கால்நடை கிளினிக் டாக்டர்.

“ஆபரேஷனவிட மயக்க மருந்துதான் எனக்குப் பயம். ராத்திரியிலிருந்து வயிறு காலியா இருக்கணும்” என்று படித்துப் படித்துச் சொன்னார்.

அன்று காலை நான் குளித்துவிட்டு வருவதற்குள் என் கணவர் வேலையைக் காட்டிவிட்டார். பரீட்சையோ இன்டர்வியூவோ, யார் கிளம்பினாலும் தயிரில் சீனி போட்டு ஊட்டாமல் கேட்டைத் தாண்ட விடமாட்டார். முதல் நாளே தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் நல்ல தயிராகப் பார்த்து வாங்கி வந்திருந்தார். யாருக்கு என்று எனக்குத்தான் உறைக்கவில்லை.

கிளினிக்கில் டாக்டர் அவள் முகத்தை நிமிர்த்தினார். பழுப்பு மீசையில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

“என்ன குடுத்தீங்க?”

“ஒரு கரண்டி தயிர்தான் டாக்டர். வெறும் வயித்தோட எப்படி அனுப்புறது?” என் கணவர் பெருமையாக வேறு சொன்னார்.

டாக்டர் கத்தவில்லை. மயக்கத்தில் வாந்தியெடுத்து அது நுரையீரலுக்குள் போனால் இந்த இதயம் தாங்காது என்றார். வேறு நாயென்றால் மதியம்வரை காத்திருந்து செய்திருப்பார்களாம். சர்ஜன் வாரத்தில் ஒருநாள்தான் வருவார். அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போட்டார்கள்.

தெம்பனிஸில் வீடு வந்து சேரும்வரை டாக்சியில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். “நல்லபடியா திரும்பி வரணும்னுதான்மா குடுத்தேன்” என்றார். அதைக் கேட்டு இன்னும் ஆத்திரம் வந்தது.

அவள் அந்த வாரத்தைத் தாண்டவில்லை. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. இருமி இருமி அவர் மடியிலேயே போய்விட்டாள். எனக்கு மனசு ஆறவே இல்லை, இன்றுவரை. கிளினிக்குக்குச் சொல்ல இருவருக்கும் வாய் எழவில்லை.

ஆபரேஷனுக்குக் குறித்த நாளுக்கு முந்தின சாயங்காலம் அங்கிருந்து போன். தமிழ் நர்ஸ். ஸ்பீக்கரில் அவள் குரல் கூடமெல்லாம் கேட்டது.

“ஆன்ட்டி, நாளைக்கு கன்ஃபர்ம் லா. இந்தத் தடவை ஒண்ணுமே குடுக்காதீங்க, ஓகே?”

அவர் என் கையிலிருந்து போனை வாங்கினார்.

“குடுக்கமாட்டேம்மா. சத்தியமா குடுக்கமாட்டேன்.”