சொறிமுட்டை நிறைந்த வலை

பங்குனியில் யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடல் அசையாமல் கிடக்கும். மீன் வாங்கலாமென்று கொக்குவிலில் இருந்து போயிருந்தேன். இடுப்பளவு நீரில் நின்ற ஒரு மெலிந்த மனிதர், வலை நிறைய ஏறியிருந்த சொறிமுட்டைகளை, தொட்டால் அரிக்கும் அந்த ஜெல்லி மீன்களை, வெறுங்கையால் அள்ளி எறிந்துகொண்டிருந்தார். கைகள் தடித்துச் சிவந்திருந்தன. இடையிடையே அவற்றை நீரில் தோய்த்துக்கொள்வார்.

“மீன் இருக்கோ அண்ணை?”

“ஒரு கிழமையா உந்தச் சொறிதான் தம்பி. காத்து மாறுமட்டும் ஒண்டும் படாது.”

“அப்ப வீட்டிலை இருக்கலாமே?”

வலையை விட்டு நிமிர்ந்தார்.

“மனுசி தெல்லிப்பழை ஆசுப்பத்திரியிலை கிடக்கிறா. பின்னேரம் போனவுடனை, ‘இண்டைக்குக் கடலுக்குப் போனியளோ?’ எண்டுதான் கேப்பா. போகேல்லை எண்டால், தன்ரை வருத்தம் கூடினபடியாத்தான் நான் நிண்டிட்டன் எண்டு பயப்பிடுவா.”

சொல்லிவிட்டு மறுபடி குனிந்தார்.

மீன் பட்டதா என்றும் அந்த அம்மா கேட்டால் என்ன சொல்வார்? வெறும் பையோடு வீடு திரும்பும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.