ஒன்பது நீலக் கோடுகள்

கறுத்துப்போன டேஷ்போர்டில், ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம், விரல் நீளத்தில் ஒன்பது நீலக் கோடுகள் வரிசையாக நிற்கும். துணியில் குறி வைக்கிற தையல் சாக்குக்கட்டியால் போட்ட கோடுகள். எங்களைத் தொழிற்சாலைக்கு ஏற்றிப்போன வேன் அக்கா போட்டவை. ஓய்ந்த நேரத்தில் அவர் ரவிக்கை தைப்பார்; அந்தச் சாக்குக்கட்டி எப்போதும் கைப்பையில் கிடக்கும். இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. இன்றைக்கும் எந்த வண்டியில் ஏறினாலும் என் கண் முதலில் அந்த இடத்தைத்தான் தேடுகிறது.

நான் இரண்டாம் படிவத்தோடு பள்ளியை நிறுத்தியவள். கோப்பெங் ஊருக்கு உள்ளே இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தை விற்றுத் தாமான் என்கிற குடியிருப்பு கட்ட ஆரம்பித்தபோது, பால்மரம் வெட்டிய பெண்கள் பலரும் ஈப்போவில் கையுறைத் தொழிற்சாலைக்குப் போனோம். பதினோரு பேருக்கு ஒரு வேன். வண்டியில் ஏறினால் எனக்குக் குமட்டும் என்பதால் முன் சீட்டு எனக்கு. அந்த வேனின் பெட்ரோல் முள் எந்தக் காலத்திலோ பாதியில் செத்து நின்றுவிட்டது. தொட்டி நிறைந்தாலும் பாதி, காய்ந்தாலும் பாதி. முன் சீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே வருவேன். "அக்கா, பெட்ரோல் இருக்காக்கா?" என்று தினமும் கேட்பேன். "முள்ளுதான் செத்துப்போச்சு, நான் சாகலலா" என்பார் வேன் அக்கா. ஒரு தரம் ஈப்போ போய் வந்தால் ஒரு கோடு. ஒன்பது கோடு ஆனதும் பெட்ரோல் ஸ்டேசன். ஊற்றியபின் கட்டைவிரலால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். பத்தாவது கோட்டுக்கு வண்டி போகாது என்று அவருக்குத் தெரியும்.

இத்தனை நாள் கழித்து அந்தக் கோடுகள் எனக்கு ஞாபகம் வந்ததற்குக் காரணம் ஒரு மின்சாரக் கார்.

என் வீட்டுக்காரருக்கு இப்போது வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில் அந்த நிலையம். போய் வர ஐம்பது கிலோமீட்டர். எங்களிடம் இருந்த சின்னப் பெட்ரோல் கார் ஒரே மாதத்தில் இரண்டு முறை சூடேறி ரோட்டோரத்தில் நின்றது. இரண்டாம் முறை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவருடைய மெஷினில் வேறொருவர் படுத்திருந்தார். ஒரு நாள் தவறினாலும் உடம்பில் தண்ணீர் ஏறிவிடும் என்று தாதி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். வேறு கார் வாங்கியே தீர வேண்டும். பெட்ரோலா, மின்சாரமா என்பதுதான் கேள்வி.

என் தம்பி மலிவான மின்சாரக் கார் ஒன்று வாங்கியிருந்தான். "நான் சொன்னா நம்பமாட்டக்கா. ஒரு வாரம் மாத்திக்கலாம். ஒன்னோட டப்பாவ நான் ஓட்டுறேன், இத நீ ஓட்டு. அப்பறமா முடிவு பண்ணுலா" என்றான்.

"பேட்டரி செத்துப்போனா?"

"எட்டு வருஷம் கேரண்டி இருக்கு."

"ஒம்போதாவது வருஷம்?"

"ஒம்போதாவது வருஷம் நாம எல்லாம் மொதல்ல இருப்பமா?" என்றவன், பக்கத்தில் நாற்காலியில் மாமா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். என் வீட்டுக்காரர்தான் சிரித்தார். "நான் இல்லாட்டியும் அந்த பேட்டரி இருக்கட்டும்லா. அக்காவுக்குச் சண்ட போட ஆளு வேணும்."

அந்த வாரத்தில் தெரிந்துகொண்டவற்றை நான் யாரிடமும் கேட்டோ படித்தோ தெரிந்துகொண்டிருக்க முடியாது. முதல் நாள் பொத்தானை அழுத்தினேன், சத்தமே இல்லை. ஸ்டார்ட் ஆகவில்லை என்று மறுபடி அழுத்தினேன், அணைந்துவிட்டது. மூன்று முறை இப்படி அணைத்தபின்தான், சத்தம் போடாமலே அது தயாராக நிற்கிறது என்று புரிந்தது. திரையில் இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று ஓர் எண் காட்டும். மேட்டில் அந்த எண் மளமளவென்று இறங்கியது. இறக்கத்தில் பெடலிலிருந்து காலை எடுத்தால் குறையாமல் நின்றது, ஒரு முறை ஒன்று கூடவும் செய்தது. எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது. எந்தப் பெட்ரோல் கார் இறக்கத்தில் ஒரு சொட்டு எண்ணெயைத் திருப்பித் தந்திருக்கிறது? அந்த ஆசையில் வேண்டுமென்றே ஒரு மேட்டைச் சுற்றி இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். மொத்தத்தில் எண் குறைந்துதான் இருந்தது.

ஈப்போ ஊருக்குள் நெரிசலில் ஊர்ந்தால் என் பழைய கார் எண்ணெயைக் குடிக்கும். இதுவோ நெரிசலில்தான் சிக்கனமாக ஓடியது. ஹைவேயில் ஏசி போட்டு விரட்டினால் கதை மாறியது. திரையில் முப்பது குறைந்திருக்கும், நாங்கள் போயிருப்பது இருபத்திரண்டுதான். வாசலில் சாதாரணப் பிளக்கில் மாட்டினால் மறுநாள் காலை வரைக்கும் ஏறிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் இடி இடித்தால் எங்கள் தாமானில் முதல் வேலை டிவி பிளக்கைப் பிடுங்குவது. இப்போது அதைவிடப் பெரிய பிளக் ஒன்று வாசலில் தொங்கியது. தம்பிக்குப் போன் போட்டேன். "அதுக்கெல்லாம் பாதுகாப்பு இருக்குக்கா, சும்மா விடு" என்றான். மழையில் குடை பிடித்துக்கொண்டு போய்ப் பிடுங்கிவிட்டுத்தான் வந்தேன். ஒரு நாள் ஈப்போ பேரங்காடியில் சார்ஜ் போடப் போனால், இருந்த ஒரே இடத்தில் யாரோ காரை மாட்டிவிட்டுச் சாமான் வாங்கப் போயிருந்தார். முக்கால் மணி நேரம் நின்றேன். பெட்ரோல் ஸ்டேசனில் அந்த நேரத்துக்கு ஒரு ஊரே எண்ணெய் ஊற்றிக்கொண்டு போயிருக்கும்.

ஆனால் புதன்கிழமை ஒன்று நடந்தது. டயாலிசிஸ் முடிந்தால் என் வீட்டுக்காரருக்குப் பழைய காரின் எண்ணெய் வாடையும் குலுக்கலும் தாங்காது. வழியெல்லாம் பிளாஸ்டிக் பையை மடியில் வைத்திருப்பார். அன்றைக்குச் சிம்பாங் பூலாய் தாண்டியதும் திரும்பிப் பார்த்தேன். பை மடித்தபடி இருக்க, வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். வீட்டு வாசல் வந்தும் எழுப்ப மனம் வராமல் அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இவ்வளவுக்குப் பிறகும் மனம் ஒன்றிலேயே சுற்றியது. பெட்ரோல் தீர்ந்தால் யாராவது போத்தலில் கொண்டுவந்து தருவார்கள். மின்சாரத்தைப் போத்தலில் கொண்டுவர முடியாது. பாதி வழியில் நின்றால்? இந்தப் பயம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக்காரரிடம்கூட அதை நான் சொன்னதில்லை.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆயுத பூஜை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. வேன் அக்கா வீட்டில் நாங்கள் நாலைந்து பேர் கூடி வேனைக் கழுவினோம். டயருக்கு எலுமிச்சம்பழம், முன்னால் வாழைக்கன்று, அடுப்பில் கடலை. உள்பக்கம் துடைக்கிற வேலை எனக்கு. ஈரத்துணியால் டேஷ்போர்டை நன்றாக இழுத்துத் துடைத்தேன். துணியைப் பார்த்தேன். நீலம்.

எத்தனை கோடு இருந்தது? தினமும் பார்த்தவளுக்கு அந்த நேரத்தில் மறந்துபோனது. ஏழா, எட்டா? சமையற்கட்டுக்குப் போய் "அக்கா, அழிச்சிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும். திட்டுவாரோ என்று பயம். சந்தனத்தைக் குழைத்து, கோடுகள் இருந்த இடத்தில் வரிசையாக ஏழு பொட்டு வைத்தேன். மேலே குங்குமம். பார்க்கிறவர்களுக்கு அலங்காரம், அக்காவுக்குக் கணக்கு. அப்போது அது பெரிய புத்திசாலித்தனம் போலத்தான் தோன்றியது.

மறுநாள் காலை சிம்பாங் பூலாய்க்குக் கொஞ்சம் முன்னால் வேன் இரண்டு முறை விக்கி நின்றுவிட்டது. மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் தண்ணீர்ப் போத்தலில் பெட்ரோல் வாங்கி வந்து கொடுத்தார். தொழிற்சாலை கேட்டைத் தொடும்போது ஒரு மணி நேரம் தாமதம். மாதம் முழுக்கத் தவறாமல் வந்தால் கிடைக்கிற வருகைப்படி பதினோரு பேருக்கும் போயிற்று. இன்னொரு தரம் இப்படி ஆனால் வேறு வேன் பார்த்துக்கொள்வதாகச் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் வேன் அக்காவிடம் சொன்னார். சாயங்காலம் பின்சீட்டு அத்தை ஒருவர் விடவில்லை: "வண்டிக்குப் பொட்டு வெச்சா போதுமா? பெட்ரோல் யாருலா ஊத்துறது, சாமியா?"

வேன் அக்கா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என் தப்புதான். எண்ண மறந்துட்டேன்" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த நாள் டேஷ்போர்டில் கோடு எதுவும் இல்லை. அடுத்த தரம் ஸ்டேசனில் பெட்ரோல் ஊற்ற அக்கா இறங்கும்போதுதான் பார்த்தேன்: கோடுகள் அக்கா பக்கத்துக் கதவின் உள்பக்கத்துக்கு மாறியிருந்தன. என் துணி எட்டாத இடம். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அன்றைக்கே புரிந்தது. அதற்குப்பின் ஆறு வருஷம் அதே சீட்டில் உட்கார்ந்து போனேன். அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வேன் அக்கா இப்போது ஹுத்தான் மெலிந்தாங்கில் மகள் வீட்டில் இருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து தொண்ணூறு சொச்சம் கிலோமீட்டர். காரைச் சோதிக்க அதைவிட நல்ல தூரம் இல்லை என்று வீட்டுக்காரரிடம் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் புறப்பட்டோம். பாதி உண்மை அது. கிளம்பும்போது திரையில் முந்நூற்று ஐந்து. தெலுக் இந்தான் தாண்டும்வரை எனக்கு ரோடு தெரிந்ததைவிட அந்த எண்தான் அதிகம் தெரிந்தது. "ரோட்டப் பாருலா, அந்த நம்பரு எங்கயும் ஓடிப் போகாது" என்று வீட்டுக்காரர் இரண்டு முறை சொன்னார். போய்ச் சேர்ந்தபோது நூற்று எண்பது இருந்தது. திரும்பிப் போகப் போதும். மனம் மட்டும் போதாது என்றது.

அக்கா மீன் குழம்பு வைத்திருந்தார். சாப்பிட்டதும் காரைப் பார்க்க வேண்டும் என்றார். முட்டி வலியோடு மெல்ல வந்து, எனக்குரிய பழைய இடத்தில், இடப்பக்க முன் சீட்டில் உட்கார்ந்தார். நான் ஸ்டீயரிங் பக்கம். வாழ்க்கையில் முதன்முறையாக இடம் மாறி உட்கார்ந்திருந்தோம்.

"முள்ளே காணோமே பிள்ள."

"நம்பருதான்கா. இன்னும் எவ்வளவு ஓடும்னு அதுவே சொல்லும்."

"பொய் சொல்லாதா?"

"சொல்லும். ஹைவேல அதிகமாச் சொல்லும்."

"அப்ப நம்ம வேனு ஜாதிதான்" என்று சிரித்தார். "வாரம் எத்தன தரம் ஈப்போ போற?"

"மூணு."

"ஒரே ரோடா?"

"ஒரே ரோடுதான்கா."

"பிளக்கு வீட்டு வாசல்ல. அப்பறம் என்ன சுசா, என்ன கஷ்டம் ஒனக்கு? எம் மருமகன் மாதிரி இன்னைக்குச் சிலிம் ரிவரு, நாளைக்குக் கோலாலம்பூருன்னு அலையிறவனுக்குப் பெட்ரோலுதான் சரி. ஒரே ரோட்டுல போறவளுக்கு எண்ணத் தெரிஞ்சா போதும்லா."

எண்ண என்று அவர் சொன்னதும் அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. "அக்கா, அன்னைக்கு ஆயுத பூஜையில கோட்ட அழிச்சது நான்தான்கா."

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும். அவ்வளவு கோணலா வேற யாரு பொட்டு வெப்பா?"

"ஏழு இருந்துச்சுன்னு நெனச்சுக்கா..."

"ஒம்போது." முட்டியைத் தடவிக்கொண்டார். பிறகு சொன்னார்: "ஒம்போதுன்னு எனக்குத் தெரியும் பிள்ள. போட்டவளுக்குத் தெரியாதா? காலையில ஏறுறேன், ஏழு பொட்டு இருக்கு. நேரம் வேற ஆயிருச்சு. ஸ்டேசன்ல பெரிய வரிசை. ஏழுன்னே வெச்சுக்குவோம், சாயங்காலம் ஊத்திக்கலாம்னு தோணுச்சு. ஒம்மேல கோவமே இல்ல. எம்மேலதான். இனிமே ஆசைக்கு ஏத்த மாதிரி எண்ணக் கூடாது, ஏறும்போதே கண்ணுல படட்டும்னுதான் கதவுக்கு மாத்துனேன்."

இருபத்திரண்டு வருஷம் நான் சுமந்தது பாதிதான் என்னுடையது என்று அப்போது தெரிந்தது. பாதிக்குக்கூட அழுகை வந்தது. "ஏய், தம்பி காருலா, நனைக்காத" என்றார் அக்கா.

திரும்பி வரும்போது நான் எண்ணை அவ்வளவாகப் பார்க்கவில்லை. எந்த வண்டியானாலும் தன் அளவுக்குமேல் ஒரு மைல்கூட ஓடாது. நமக்குப் பிடித்த எண்ணை நாம் நம்பும்போதுதான் அது நடுரோட்டில் நிற்கிறது. வீடு வந்தபோது திரையில் எழுபத்து மூன்று இருந்தது. ஆக, பொய்யை எல்லாம் கழித்துப் பார்த்தாலும், ஒரு முழு சார்ஜ் எங்கள் ஈப்போ ரோட்டுக்கு மூன்று தரம் தாராளம். அடுத்த மாதமே அதேபோல ஒரு கார் வாங்கினோம். பேட்டரியின் ஒன்பதாவது வருஷத்தைப் பற்றி இப்போதும் கவலைப்படுகிறேன். இடி இடித்தால் இப்போதும் குடையோடு ஓடுகிறேன். ஆனால் இதுவரை ஒரு நாள்கூட அவருடைய மெஷினில் வேறொருவர் படுத்திருக்கவில்லை.

என் பக்கத்துக் கதவின் உள்பக்கம் நீலச் சாக்குக்கட்டியால் கோடு போடுகிறேன். ஈப்போ ஒரு தரம், ஒரு கோடு. மூன்றாவது கோடு விழுந்த மறுநாள் சார்ஜ். "கம்ப்யூட்டரு வெச்ச காருல சாக்குக்கட்டியால கோடு போடுறவ ஒலகத்துலயே நீ ஒருத்திதான்" என்கிறார் வீட்டுக்காரர்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவினேன். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன், திரைக்குக் கீழே ஒரே ஒரு பொட்டு, அதுவும் கோணல்தான். ஈரத்துணியோடு கதவுப் பக்கம் போனபோது வாசலிலிருந்து வீட்டுக்காரர் குரல் வந்தது: "அதத் தொடச்சிறாத!" துணியைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். இரண்டு கோடுகள். விரலை வைத்து இன்னொரு முறை எண்ணினேன். இரண்டுதான். கதவைச் சாத்தினேன்.