ஒற்றை வாய்க்கால்

ஸைனம்புவின் தம்பி அப்துல் ஹமீடுக்குச் சுன்னத்துச் செய்தபோது அவளுக்கு எட்டு வயது. புதுச் சாரன் உடுத்து, மாலை போட்டு, மாவடிப்பள்ளித் தெருவெல்லாம் கூட்டிப்போய் வந்து, கவிழ்த்து வைத்த உரலில் அவனை இருத்தினார்கள். முற்றத்தில் ஆண்கள் தக்பீர் சொன்னார்கள். அறைக்குள் பெண்கள் குரவையிட்டார்கள். ஒஸ்தா மாமா கைதேர்ந்த மனிதர். ஊரில் அரைவாசி ஆண்களுக்கு அவர்தான் சுன்னத்துச் செய்தவர். மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு துணியோடு நின்றுவிடுகிற இரத்தம் தம்பிக்கு நிற்கவில்லை. சீலைச் சாம்பல் வைத்தார்கள், பச்சிலை வைத்தார்கள், ஓதி ஊதினார்கள். மூன்றாம் நாள் பிள்ளை மவுத்தாகிப் போனான்.

கைப்பிழை என்றது ஊர். பிறகு ஒருவரும் அந்த ஒஸ்தாவைக் கூப்பிடவில்லை. குடும்பத்தோடு ஊரை விட்டுப் போவதற்கு முன் அவர் வந்து வாசலில் நின்று, எல்லாருக்கும் வெட்டுகிற மாதிரித்தான் வெட்டினேன் என்றார். வாப்பா முகம் கொடுக்கவில்லை. கதவிடுக்கால் பார்த்துக்கொண்டு நின்ற ஸைனம்புவுக்கு அந்த மனிதரின் கைகள் மனதில் நின்றுவிட்டன. இரண்டையும் விரித்துக் காட்டிக்கொண்டு நின்றார், அவற்றில் என்ன பிழை என்று யாராவது சொல்லட்டும் என்பதைப்போல.

பெரிய பிள்ளையானதும் அவளுடைய பள்ளிக்கூடம் நின்றது. கூச்ச சுபாவம். நாலு பேர் கூடின இடத்தில் அவள் குரல் கேட்காது. ஆனால் அவள் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது. அவளுக்கு மூத்தவள், ராத்தா ஆயிஷா உம்மாவுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தவனுக்குச் சுன்னத்துப் புண் சீக்கிரமே ஆறியது. இளையவன் தம்பியைப்போலவே இரத்தம் ஓடிச் செத்தான். அந்த முறை ஊர் கண்ணூறு என்றது. தவழுகிற காலத்திலேயே அந்தப் பிள்ளையின் முழங்கால் விளாங்காய் மாதிரி வீங்கியதையும், தூக்கிய இடமெல்லாம் விரல் அடையாளம் கருநீலமாய்ப் பதிந்ததையும் ஸைனம்பு கண்டிருந்தாள். தம்பியின் உடம்பிலும் அதே அடையாளங்களை அவள் கண்டிருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்வது என்றும் தெரியாது.

அவளை மீராசாஹிபு கலியாணம் முடித்தார். வயல்காரர், அதிர்ந்து பேசாதவர். முதலில் றாஹிலா பிறந்தாள். எட்டு வருடம் கழித்து ஜவுபர் பிறந்தான். அவன் தவழத் தொடங்கிய நாளில் ஸைனம்பு அவனுடைய முழங்காலைப் பார்த்தாள். பார்த்ததும் அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சூறாவளி அடித்து ஊரெல்லாம் தென்னை சரிந்து கிடந்த அடுத்த வருடம் ஜவுபருக்குப் பால்பல் விழுந்தது. பல் விழுந்த இடத்தால் விடாமல் இரத்தம் கசிந்தது. கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே மீனாம்பிகை என்றொரு தாதி, எல்லாருக்கும் மிஸ்ஸி. கல்முனையில் பிறந்து வளர்ந்தவ, கொஞ்சம் வாய்க்காரி. பஞ்சை மாற்றிக்கொண்டே அவ கேட்டா:

"தங்கச்சி, உங்கட கூடப்பிறந்த ஆம்பிளையள் ஆருக்கும் இப்பிடி இருந்ததா?"

இத்தனை வருடத்தில் அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. தம்பியைச் சொன்னாள், ராத்தாவின் மகனைச் சொன்னாள், வீங்கின முழங்கால்களைச் சொன்னாள். மிஸ்ஸி கையை நிறுத்திவிட்டு டொக்டரைக் கூட்டி வந்தா. டொக்டர் இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்.

முடிவு வந்த அன்று மீனாம்பிகை அவளை ஒரு பக்கமாக இருத்தி விளங்கப்படுத்தினா. இரத்தத்தை உறைய வைக்கிற ஒரு பொருள் ஜவுபரின் உடம்பில் உண்டாவதில்லை. அதை உண்டாக்குகிற விபரம் ஒரு நூலில் இருக்கிறதாம். பெண்ணுக்கு அந்த நூல் இரண்டு, ஒன்று உம்மா தந்தது, மற்றது வாப்பா தந்தது. ஒன்று பழுதானாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும், அவள் உடம்பில் ஒன்றும் தெரியாது. ஆணுக்கு அந்த நூல் ஒன்றுதான், அது உம்மா கொடுப்பது. வாப்பா மகனுக்குக் கொடுப்பது வேறொரு கட்டை நூல், அதில் இந்த விபரம் இல்லை. உம்மாவின் இரண்டு நூலில் நல்லது வந்தால் மகன் தப்பினான், பழுதானது வந்தால் பிடிபட்டான்.

ராத்தாவின் மூத்தவன் தப்பினது எப்படி என்று ஸைனம்புவுக்கு அப்போது விளங்கியது. ஒருவன் தப்பி ஒருவன் போனான் என்றால் கணக்குச் சரியாகிவிட்டதா என்று கேட்டாள்.

"அப்பிடிக் கணக்கு இல்ல தங்கச்சி. காசைச் சுண்டினா, போன தரம் பூ விழுந்ததெண்டு இந்தத் தரம் தலை விழோணுமா? ஒவ்வொரு புள்ளைக்கும் புதுசாச் சுண்டுறதுதான்."

"செத்துப்போற பொடியன்களோட இதும் செத்துப் போயிருக்கோணுமே மிஸ்ஸி?"

"பொடியனோட போறது போகத்தான் செய்யும். பொம்பிளைக்குள்ள ஒளிச்சிருக்கிறத சாவு எங்க தேடிப் புடிக்கும்? சில நேரம் ஒருத்தருக்கும் இல்லாத குடும்பத்திலயும் புதுசா முளைக்கும்."

மருந்து கேட்டாள். தீர்க்கிற மருந்து இல்லை. இரத்தம் ஓடினால் மற்றவர்களின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தண்ணீரை ஏற்ற வேண்டும், அதுவும் கொழும்பில். அந்த ஏற்பாடு இல்லாமல் பிள்ளையின் உடம்பில் கத்தி படக்கூடாது. எழும்பி வாசல் மட்டும் போனவள் திரும்பி வந்து கேட்டாள், றாஹிலாவுக்கும் இருக்குமா என்று. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், பார்த்துச் சொல்ல இங்கே வழியில்லை என்றா மிஸ்ஸி.

அறுவடை முடிந்த கையோடு ஜவுபருக்குச் சுன்னத்து என்று நாள் குறித்திருந்தார்கள். றாஹிலாவை மீராசாஹிபுவின் தங்கச்சி றஹீமா, தன் மகன் முத்தலிபுக்குக் கேட்டு வைத்திருந்தாள். இந்தக் கரையில் குடி என்கிற வம்சப் பெயர் தாய்வழி. சம்பந்தம் பேசும்போது முதலில் கேட்பது உம்மாவின் குடியைத்தான். ஒரு குடியின் பெண்களுக்குள் இப்படி ஒன்று ஓடுகிறது என்று தெரிந்தால், அந்தக் குடியில் பெண் எடுக்க யார் வருவார்கள்?

சங்கதியை ஸைனம்பு ராத்தாவிடம் சொன்னாள். ஆயிஷா உம்மா அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"வாயத் திறந்திராத புள்ள. எனக்குக் கட்டிக் குடுக்க மூணு குமரு இரிக்கி."

புருசனுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர் நம்பவில்லை. "குடி உம்மாட பக்கம், இரத்தம் வாப்பாட பக்கம். எங்கட ஆக்கள் ஒருத்தருக்கும் இப்பிடி இல்லியே" என்றார். நூல் கதை அவருக்கு ஏறாது என்று கண்டு, ஸைனம்பு வயலைக் காட்டினாள்.

"எனக்கு ரெண்டு வாய்க்காலால தண்ணி பாயிது. ஒண்டு உடைஞ்சாலும் மத்தது பாயும், பயிர் வாடாது. ஆம்பிளப் புள்ளைக்கு ஒரு வாய்க்கால்தான். அது என்ட பக்கத்தால வாறது. நீங்க என்ன செஞ்சாலும் உங்கட தண்ணி அதுக்குள்ள வராது."

விதைநெல்லுக்கு ஒதுக்கிய துண்டில் ஒவ்வொரு போகமும் சிவப்பு நெல்லுக் கதிர்களைத் தேடித் தேடிப் பிடுங்கி எறிகிறவர் அவர். அடுத்த போகம் எங்கிருந்தோ மறுபடி வந்து நிற்கும். விதையில் தெரியாது, கதிர் வந்தால்தான் தெரியும். கடைசியில் அதைத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, சுன்னத்தை நிறுத்துவோம், ஆனால் காரணத்தை வேறு சொல்லுவோம் என்றார். றாஹிலாவின் பெயரை இரண்டு பேருமே எடுக்கவில்லை.

ஜவுபருக்கு இழுப்பு நோய், மூச்சு வருத்தம் என்று ஊருக்குச் சொன்னார்கள். வருத்தக்காரனுக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்று பள்ளிவாசல் லெவ்வையும் சொன்னார். அந்த வருடம் போனது. அடுத்த வருடமும் போனது. றாஹிலாவின் கலியாணம் நடந்தது, முத்தலிப் மாப்பிள்ளையாய் அவர்கள் வீட்டுக்கே வந்தான். ஜவுபர் வளர்ந்தான். பந்தடிக்கக் கூடாது, மரம் ஏறக் கூடாது, ஓடக் கூடாது. ஏன் என்று அவனுக்கும் மூச்சுக் கதைதான். பள்ளிக்கூடத்தில் பொடியன்கள் விடவில்லை.

"டேய், கத்திக்குப் பயந்தவனே, உனக்கு ஒரு முக்காடு எடுத்துத் தரட்டா?"

அவன் வீட்டில் வந்து அதைச் சொல்லமாட்டான். சேர்ட்டைக் கழற்றாமலே கிணற்றடியில் நின்று முகம் கழுவுவான். ஸைனம்பு பார்த்துக்கொண்டு நிற்பாள். அவனிடமாவது சொல்லலாமா என்று பலமுறை வாயெடுத்தாள். பிள்ளை வாய், எங்கேயாவது சொல்லிவிட்டால்? ராத்தாவின் குமருகளில் இன்னும் இரண்டு வீட்டில் இருந்தன.

பெரும்போக அறுவடைக்கு அவளும் புருசனும் வயல் வாடிக் குடிசையில் போய்த் தங்கிய நாட்களில், றாஹிலா பிள்ளைத்தாய்ச்சி என்று ஜவுபரை றஹீமா தன் வீட்டில் வைத்திருந்தாள். மருமகன் மேல் அவளுக்கு உயிர். அந்தக் கிழமை அவளுடைய மகள் பிள்ளைக்குச் சுன்னத்து நடந்தது, ஆரவாரமில்லாமல், வீட்டு ஆட்களோடு. ஒஸ்தா வேலையை முடித்துக் கை கழுவும்போது ஜவுபர் மாமியின் முந்தானையைப் பிடித்து இழுத்தான்.

"மாமி, எனக்கும் செய்யச் செல்லுங்க."

ஒஸ்தா நல்ல மனிதர். பொடியனுக்கு ஏதும் வருத்தம் உண்டா என்று கேட்டிருக்கிறார். மூச்சு வருத்தம் என்றார்கள், ஆனால் இவன் மூச்சு வாங்கி நான் ஒரு நாளும் கண்டதில்லை என்று றஹீமா உள்ளதைச் சொன்னாள்.

பின்னேரம் நெல்மூட்டை ஏற்றின ட்ரக்டரில் வந்து இறங்கிய ஸைனம்புவை றஹீமா சிரித்த முகத்தோடு வாசலில் மறித்தாள். கையில் ஒரு தட்டு மஸ்கட் இனிப்பு.

"மச்சி, உங்கட தலைப்பாரத்த நான் எறக்கி வெச்சிட்டன்."

ஸைனம்புவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே போனாள். ஜவுபர் பாயில் படுத்திருந்தான். இடுப்புக்கு மேலே முடிந்திருந்த வெள்ளைச் சீலையின் கீழ்ப்பாதி சிவப்பாய் இருந்தது. அவன் உம்மாவைப் பார்த்துச் சிரித்தான். "நான் அழல்ல உம்மா" என்றான்.

கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மீனாம்பிகை மிஸ்ஸி அன்று வேலையில் இருந்தா. சீலையைப் பார்த்தா, ஸைனம்புவைப் பார்த்தா, டொக்டரைக் கூப்பிட ஓடினா. இருந்த இரத்தத்தையெல்லாம் ஏற்றினார்கள். விடிந்ததும் கொழும்புக்கு வண்டி ஏற்றினார்கள். அம்பாறை கடந்து காட்டுப் பாதை நீளத்துக்கும் பிள்ளை உம்மாவிடம் தண்ணீர் கேட்டான். மகியங்கனைக்கு அப்பால் வண்டி போக வேண்டிய தேவை இருக்கவில்லை.

ஏழாம் நாள் ஓதுகிற கத்தத்துக்குப் பெண்களெல்லாம் வீட்டுக்குள் கூடியிருந்தார்கள். முற்றத்தில் ஆண்கள் ஒஸ்தாவைப் பற்றிக் கதைத்தார்கள். கைப்பிழை என்றார் ஒருவர். அவன் இனி இந்த ஊரில் கத்தி எடுக்கக் கூடாது என்றார் இன்னொருவர். போய்க் கேட்போம், எழும்புங்கோ என்று ஒரு குரல். ஸைனம்புவுக்கு விரித்த இரண்டு கைகள் நினைவுக்கு வந்தன.

அறை மூலையில் றஹீமா நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தாள். ஏழு நாளாய் அவள் சோறு உண்ணவில்லை. "என்ட புள்ளைய நான்தானே சாக்காட்டினன், என்ட கையால சாக்காட்டினன்" என்று அதையே சொன்னாள். பெண்கள் அவளை ஆற்றினார்கள், ஆனால் நீ கொல்லவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை.

பேசாமல் இருந்தால் எல்லாம் இப்படியே போகும். ஒஸ்தா ஊரை விடுவார், றஹீமா நெஞ்சில் அடித்தே முடிவாள், குமருகள் கரை சேரும். சுவரோரம் நிறைவயிற்றோடு றாஹிலா சாய்ந்திருந்தாள். ஆயிஷா உம்மா தங்கச்சியின் முகத்தைப் படித்துவிட்டாள். வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள்.

ஸைனம்பு எழும்பி நின்றாள். முற்றத்து ஆண்களுக்கும் கேட்கிற மாதிரிப் பேசியது அவள் ஆயுளில் அன்றுதான்.

"ஒஸ்தாட கையில பிழை இல்ல. மச்சியிலயும் பிழை இல்ல. என்ட தம்பியையும், ராத்தாட மகனையும் கொண்டுபோனது இதுதான். எங்கட உம்மாட வழியால வாற இரத்தம். நான்தான் அவனுக்குக் குடுத்தன். எனக்குத் தெரியும். தெரிஞ்சு மறைச்சன்."

முற்றத்தில் எழும்பினவர்கள் திரும்ப இருந்துவிட்டார்கள். ஆயிஷா உம்மா முக்காட்டை முகத்தில் இழுத்துக்கொண்டு, மகள்மாரையும் கூட்டிக்கொண்டு பின்வாசலால் இறங்கிப் போனாள். றஹீமாவின் அழுகை நின்றது. அவள் ஸைனம்புவைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி மருமகளின் வயிற்றைப் பார்த்தாள். பார்த்த கண்ணை எடுக்கவில்லை.

றாஹிலா சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தாள்.

"எனக்கும் இரிக்கா உம்மா?"

"தெரியா மகள்."

"எப்ப தெரியும்?"

ஸைனம்பு அவள் பக்கத்தில் போய் இருந்தாள்.

"புறக்கிறது ஆம்பிளப் புள்ளையா இருந்தா, தவழக்குள்ள."