மூடி போட்ட மணல் தொட்டி

சலவைக் கடையில் துணிக்கறை எடுக்கும் அவளுக்குப் பயம் கூடப் பிறந்த தங்கை மாதிரி. எங்கே போனாலும் ஒட்டிக்கொண்டு வரும். முதலாளி கூப்பிட்டால் பயம், கூப்பிடாவிட்டால் இன்னும் பயம். போதாக்குறைக்கு, முன்பிருந்த வீட்டில் பூனை வளர்த்ததற்காகப் பெட்டி படுக்கையோடு தெருவில் நின்றவள். அதனால் இந்த மாடி அறைக்குத் தன் பூனை கறுப்பனைத் துணிப்பையில் ஒளித்துத்தான் கொண்டுவந்தாள். கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மாவுக்கோ, அடுத்த தெருவில் பால் தீய்ந்தாலும் கண்டுபிடித்துவிடும் மூக்கு.

அவன் ஒன்றுக்கு, இரண்டுக்குப் போக மணல் தொட்டி வாங்கப் போனபோது அவள் பூனையை நினைக்கவில்லை, அந்த மூக்கைத்தான் நினைத்தாள். அகலமான, திறந்த தொட்டிகளை ஒதுக்கிவிட்டு, மூடியும் ஆடுகதவும் வைத்த ஒன்றை எடுத்தாள். அதுவும் போதாதென்று, சலவைத் துணிக்குப் போடும் வாசனைப் பொடியைக் கை நிறைய அள்ளி மணலில் கலந்தாள்.

மறுநாள் மணல் சுத்தமாக இருந்தது. "என் தங்கம், என்ன சமர்த்து!" என்று கொஞ்சினாள். பைத்தியக்காரி, சந்தோஷம் வேறு பட்டாள்.

அன்று வேலை முடிந்து வந்தால், கறுப்பன் கட்டிலுக்கடியில் குந்தி முக்கிக்கொண்டிருந்தான். ஒரு சொட்டு வரவில்லை. தூக்கினால் அலறினான். வயிறு கல்லாக இருந்தது. பையில் போட்டுக்கொண்டு, வீட்டுக்காரம்மாவின் ஜன்னலைக் குனிந்து கடந்து, ஓட்டமும் நடையுமாக மருத்துவரிடம் போனாள். வழியில் பைக்குள் சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

"கத்துடா, கத்தித் தொலையேண்டா!" என்று கெஞ்சினாள்.

மருத்துவர் குழாய் வைத்து நீரை எடுத்தார். என்ன தொட்டி என்று விசாரித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நமக்கு வாசனைம்மா, அவனுக்கு நாத்தம். உள்ள போகப் பிடிக்காம அடக்கியிருக்கான், நோவு முத்திப்போச்சு. ஆண் பூனைக்கு அடைச்சா உயிருக்கே ஆபத்து. தாழ்வா, அகலமா, திறந்த தொட்டி வாங்குங்க. வெறும் மணல் போதும்."

சில நாள் அங்கேயே வைத்திருந்து அனுப்பும்போது, "இனி அவனாப் போகணும். போகலேன்னா உடனே தூக்கிட்டு வாங்க" என்றார்.

புதுத் தொட்டிக்கு அந்தச் சின்ன அறையில் வாசற்கதவை ஒட்டித்தான் இடம் இருந்தது. கறுப்பன் வந்தான், முகர்ந்தான், போய்விட்டான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். வெயில் சாயும்போது மறுபடி வந்தான். மெதுவாக உள்ளே ஏறி, மணலைச் சுரண்ட ஆரம்பித்தான்.

கதவு தட்டப்பட்டது. மூக்குக்குப் பயந்தவளைக் காட்டிக்கொடுத்தது வீட்டுக்காரம்மாவின் காது.

"உள்ள என்ன சுரண்டுற சத்தம்? கதவத் தொற!"

கறுப்பன் காதைத் தூக்கினான். ஒரு காலை வெளியே வைத்தான். தெருவும் பெட்டியும் அவள் கண்ணில் வந்து நின்றன. கதவை ஓசைப்படாமல் கொஞ்சமாகத் திறந்து, உதட்டில் விரலை வைத்தாள்.

"பூனை வச்சிருக்கேம்மா. நாளைக்கே காலி பண்ணச் சொல்லுங்க, பண்றேன். இப்ப மட்டும் சத்தம் போடாதீங்க."

அவள் முதுகுக்குப் பின்னால், மணல் நனையும் சத்தம் கேட்டது.